நல்லமுத்துவின் பீங்கான் பல்

சிவப்பு வயரின் நுனியை மேல்வரிசை முன்பல்லில் கொடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, தலையைச் சற்றுப் பின்னால் இழுப்பார் நல்லமுத்து. சின்னதாக ஒரு சத்தம் வரும். மேல்தோல் உரிந்து செம்புக் கம்பி வெளியே தெரியும். உரிந்த தோலைத் துப்பமாட்டார். நாக்கால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு அடுத்த வயரை எடுப்பார். வேலை முடிந்து ஏணியை விட்டு இறங்கிய பிறகுதான், வாய்க்குள்ளிருந்து சிவப்பும் கறுப்பும் பச்சையுமாகக் குட்டிக் குழாய்கள் வெளியே வரும். அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். “வீட்டுக்காரவங்க தரையில துப்பக் கூடாதுங்க. அது மரியாத இல்ல” என்பார்.

லிந்துலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், என் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு. வெயிலோ மழையோ, காதை மூடும் கம்பளித் தொப்பி தலையில் இருக்கும். மனைவி மீனம்மா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்பார்கள்; ஊரில் இவருக்குக் ‘கரண்டு பாஸ்’ என்று பெயர். டயகமவிலிருந்து வட்டவளை வரைக்கும் எந்தத் தொழிலாளர் லயத்தில் விளக்கு அணைந்தாலும், எந்தக் கடையில் புகை வந்தாலும் இவருக்குத்தான் போன் போகும். வயர்த் தோல் உரிக்கும் கருவி ஒன்று தலவாக்கலை ஹார்ட்வெயார் கடையில் கண்ணாடிக்குள் தொங்குவது அவருக்குத் தெரியும். “பல்லு இல்லாதவனுக்கு வச்சிருக்காங்க” என்று அதைப் பார்த்துச் சொல்வார்.

வயரை இப்படிக் கடிக்கிறவர் மெயின் சுவிட்ச் விஷயத்தில் மட்டும் வேறு ஆள். அதை இறக்கிவிட்டு, வயரில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். ஏணியில் ஏறிய பிறகு சந்தேகம் வந்து, இறங்கிப் போய் மறுபடியும் பார்ப்பார். போன இடத்தில் ட்ரிப் சுவிட்ச் பழுதாகியிருந்தால் முதலில் அதை மாற்றுவார். கரண்ட் எங்காவது ஒழுகினால் கண் இமைக்கும் முன் இணைப்பை வெட்டிவிடுகிற பெட்டி அது. “அத மாட்டாம மத்தத நான் தொட மாட்டேங்க. விளக்கு எரியலேன்னா இருட்டுல இருக்கலாம். இது இல்லேன்னா ஆளு இருக்க மாட்டான்” என்பார்.

இத்தனை வருடம் வயர் கடித்தும் உடையாத பல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொறுமொறுப்பாகச் சுட்ட ரோஸ் பாண் ரொட்டியைக் கடித்தபோது உடைந்தது. உடைந்த துண்டைப் பருப்புக் கறியோடு சேர்த்து விழுங்கியிருப்பார். மீனம்மாதான், “என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு” என்று கேட்டிருக்கிறார். விரலை வைத்துப் பார்த்தால், ஈறோடு ஒட்டி ஒரு கூரான துண்டு மட்டும் மிச்சம் இருந்தது.

பல் போனதை அவர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கப் பல்லால் உரித்தார். அது கோணலாக வெட்டியது. பேச்சுத்தான் பெரிய தொல்லையாகப் போயிற்று. அந்தப் பல் இல்லாமல் அவரால் ‘ஃபியூஸ்’ என்று சொல்ல முடியவில்லை. ‘ஹூஸ்’ என்று காற்றாக வெளியே வந்தது. அக்கரப்பத்தனையில் ஒரு வீட்டம்மாவிடம் போனில், “உங்க வீட்டு ஹூஸு போயிருச்சுங்க, புதுசு போடணும்” என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா, “ஊசியா? ஊசி போடுறதுக்கு டொக்டர்ட்டதானே போகணும்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு மாலை நல்லமுத்து என்னிடம் வந்தார். “சேர், ஹட்டன்ல நல்ல பல்லு டொக்டர் யாருங்க?” என்றார்.

எனக்குத் தெரிந்தவர் டொக்டர் ஊர்மிளா. யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் சொந்தமாகப் பல் வைத்தியசாலை நடத்துகிறார். அதிகம் சிரிக்காதவர். நானும் கூடப் போயிருந்தேன்.

அவர் பல்லைப் பார்த்தார். மற்றப் பற்களையும் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, “இந்தப் பல்லுகளை என்னத்துக்குப் பாவிக்கிறனீங்கள்?” என்று கேட்டார்.

“சாப்பிடுறதுக்குங்க.”

“சாப்பிட மட்டுமோ?”

நல்லமுத்து கொஞ்சம் யோசித்தார். “சாப்பிடவும்தாங்க” என்றார்.

நல்லமுத்து வயர் கதையைச் சொல்லி முடித்ததும் டொக்டர் மறுபடி விளக்கைப் போட்டு அந்த வேரைப் பார்த்தார். பாணில் பல் உடையவில்லை, வயரில் எப்போதோ விட்ட வெடிப்பு பாணில் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார். வேர் இன்னும் இருக்கிறது. அதற்குள் சிகிச்சை செய்து, ஒரு சின்னக் கம்பு நட்டு, மேலே தொப்பி மாதிரி ஒரு பல் மாட்டலாம். உலோகத்தில் உண்டு, பீங்கானில் உண்டு, இரண்டும் கலந்தும் உண்டு என்றார்.

“பீங்கான்” என்றார் நல்லமுத்து உடனே.

“யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏன் பீங்கான்?”

“போஸ்ட்டு மேல வெள்ளையா கப்பு கப்பா இருக்குல்லங்க டொக்டர், அது பீங்கான். முப்பத்து மூவாயிரம் வோல்ட்டத் தாங்குது. மழ, இடி, கொரங்கு எல்லாம் தாங்குது. வெள்ளக்காரன் காலத்துல மாட்டுனது இன்னும் எங்க தோட்டத்துல இருக்குங்க.”

“அந்தப் பீங்கான் வேற, இது வேற. இது சேர்கோனியா.”

“அதுவும் பீங்கான்தானுங்களே?”

“ஒரு வகையில ஓம்.”

“அப்ப அதையே போடுங்க.”

நிறம் பார்க்கும் நாளில் இருவருக்கும் சின்னதாக ஒரு தகராறு நடந்தது. பல் நிறங்களை வரிசையாகக் கோத்த ஓர் அட்டையை டொக்டர் அவர் வாயருகே பிடித்தார். நல்லமுத்து எல்லாவற்றிலும் வெள்ளையாக இருந்ததைக் காட்டினார். அது மற்றப் பற்களுக்கு நடுவே பல்பு மாதிரித் தெரியும் என்றார் டொக்டர். தெரியட்டுமே என்றார் இவர். கடைசியில் டொக்டர் சொன்னபடிதான் நடந்தது. மற்றப் பற்களோடு ஒத்துப்போகும்படி, பல நாள் தேநீர் குடித்த நிறத்தில் பல் வந்தது. மீனம்மா பார்த்துவிட்டு, “புதுப் பல்லுன்னு சொன்னாரு. பழசாட்டம்தான் இருக்கு” என்றார்.

மாட்டிய அன்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். “இந்தப் பீங்கான் உங்கட சொந்தப் பல்லை விடப் பலம். லேசில உடையாது. ஆனா அதுக்குக் கீழ நிக்கிறது உங்கட பழைய வேர். கடிச்சு இழுத்தால் வேர்தான் போகும். இல்லாட்டி எதிர்ப்பக்கத்துக் கீழ்ப்பல்லு போகும். பலமான சாமான் தான் உடையாது, பக்கத்தில இருக்கிறதைத்தான் உடைக்கும். விளங்குதோ? வயர் கடிக்கக் கூடாது.”

“வெளங்குதுங்க” என்றார் நல்லமுத்து.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “டொக்டரே சொல்லிட்டாங்க, சொந்தப் பல்ல விடப் பெலம்னு.” டொக்டர் சொன்ன மீதியெல்லாம் ஹட்டனிலேயே தங்கிவிட்டது. மறுநாளே வயர் கடிக்க ஆரம்பித்தார். முன்பை விட நேராக வெட்டுகிறது என்றார். ஹார்ட்வெயார் கடையில் நிற்கும்போது, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் டெஸ்டரின் கைப்பிடியால் அந்தப் பல்லைத் தட்டிக் காட்டுவார். “சர்க்கோனி” என்பார். ஃபியூஸை ஃபியூஸ் என்று தெளிவாகச் சொன்னார்.

போன வருட மழைக்காலத்தில் டயகமப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். வரிசையாக ஒட்டிய அறைகள் கொண்ட லயத்தின் கடைசிக் காம்பரா. வீட்டுக்காரி சண்முகவடிவு, நாற்பது வயதுக்காரி, கொழுந்து பறிப்பவள். புருஷன் மரம் விழுந்து இறந்துபோனார். அதற்கு முந்திய வருடம் வீட்டில் மாடு செத்தது. இரண்டையும் சேர்த்து லயத்தில் ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தார்கள். நல்லமுத்து வேலையைத் தொடங்கும்போதே பக்கத்துக் காம்பராக்காரர் வந்து, “பாஸ், பாத்து செய்ங்க. அவ கைபட்டா எதுவும் வெளங்காது” என்று எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். நல்லமுத்து அவரிடம் ஒரு சுத்தியல் மட்டும் இரவல் வாங்கிக்கொண்டார்.

சண்முகவடிவு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். இவர் வழக்கம்போல முதலில் பழைய ட்ரிப் சுவிட்சைக் கழற்றிப் புதியதை மாட்டினார். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மெயினை இறக்கினார். ஒரு முனையைப் பெட்டியில் பூட்டி, பின்பக்கம் அடுப்பங்கரைக்குப் புதிதாக வயர் இழுத்தார். முக்காலியில் ஏறி நின்று வயரின் நுனியைப் பல்லில் கொடுத்த நேரத்தில், கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நனைந்துபோய் வீட்டுக்கு வந்தாள் சண்முகவடிவு. முன்னறையில் மெயின் இறங்கியிருந்தது. மழை பெய்தால் அந்த வீட்டில் சுவிட்ச் தானாக விழுவது வழக்கம். பின்பக்கம் ஆள் வேலை செய்வது தெரியாமல், தினமும் செய்வதுபோல அதைத் தூக்கிவிட்டாள்.

அடுப்பங்கரையில் ஒரு சத்தம் கேட்டது. நல்லமுத்து விறகுக் குவியலின் மேல் விழுந்து கிடந்தார். புதிய ட்ரிப் சுவிட்ச் அந்தக் கணத்திலேயே வெட்டிவிட்டிருந்தது. அதனால்தான் உயிர் இருந்தது. உதடு வெந்திருந்தது. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. வாயெல்லாம் இரத்தம்.

லயமே ஓடி வந்தது. “யாரு மெயினப் போட்டது?” என்று யாரோ கத்தினார்கள். சண்முகவடிவு சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றபடி வாயைத் திறந்தாள். அவளுக்குச் சத்தம் வரவில்லை. விறகுக்கு மேலிருந்து நல்லமுத்துதான் பேசினார்.

“நான்தான் போட்டேன். டெஸ்ட் பண்ண. அப்பறம் மறந்துட்டேன்.”

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். விரலால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “பீங்கான் பல்லுங்க. அதான் காப்பாத்துச்சு. இல்லேன்னா போயிருப்பேன்” என்றார். அதற்குப் பிறகு யாரும் சுவிட்சைப் பற்றிக் கேட்கவில்லை. கொழுந்து லொறியில் அவரை ஏற்றும் முன் எல்லோரும் அந்தப் பல்லைப் பார்த்தார்கள்.

பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கீறல்கூட இல்லை. கரண்ட் அடித்தபோது தாடை இறுகியதில், அதற்கு நேர் எதிரே இருந்த கீழ்ப்பல்தான் நெட்டுக்குப் பிளந்திருந்தது. டொக்டர் ஊர்மிளா பார்த்துவிட்டு, “நான் சொன்னதுதான்” என்று மட்டும் சொன்னார். கீழேயும் ஒரு பீங்கான் போடலாமா என்று கேட்டபோது நல்லமுத்து வேண்டாம் என்றுவிட்டார். “ரெண்டும் சர்க்கோனியா இருந்தா ஒண்ணோட ஒண்ணு சண்ட புடிக்குங்க.”

கதை அவரை விட வேகமாகப் பயணம் செய்தது. டயகமவில் இருநூற்று முப்பது வோல்ட்டாகப் புறப்பட்டது, தலவாக்கலைக்கு வரும்போது நானூறாகியிருந்தது. வட்டவளையில் ஒருவர் என்னிடமே, “லிந்துலையில ஒருத்தரு பெரிய லைனையே கடிச்சுட்டாராம், பல்லுல பட்டு கரண்டு திரும்பிப் போயிருச்சாம், தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். நல்லமுத்து மணிக்கட்டில் கட்டோடு பஸ்ஸில் ஏறினால், ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அவரும் காட்டினார்.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. மெயினைப் போட்டுவிட்டு மறக்கிற ஒரு வயரிங் பாஸை வீட்டுக்குள் விடலாமா என்று சிலர் யோசித்தார்கள். போன்கள் குறைந்தன. மீனம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டே எனக்குக் கேட்கும்படி சொல்வார். “பல்ல மட்டும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சா வேல வருமா?” உள்ளே நல்லமுத்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாக நின்றிருக்கும். ஒரு நாள் டொக்டர் ஊர்மிளா எனக்குப் போன் செய்தார். “உங்கட பக்கத்து வீட்டுக்காரரை உடன கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார். குரலில் கோபம் இருந்தது.

போனோம். டொக்டர் நல்லமுத்துவை நாற்காலியில் உட்காரவைக்கவில்லை.

“லோஜன் எண்டு ஒரு பிள்ளை வந்தவர். தலவாக்கலையில வயரிங் செய்யிறவராம். நல்ல பல்லு ரெண்டைச் சீவிப்போட்டுப் பீங்கான் போடட்டாம். ஏனெண்டு கேட்டால், கரண்ட் அடிக்காதாம். நீங்கள் சொன்னதாம். நான் ஏலாது எண்டு அனுப்பிப்போட்டன். வேற இடத்துக்குப் போவார். போட்டுக்கொண்டு, அந்தத் துணிவில கரண்ட் இருக்கிற வயரைக் கடிப்பார். செத்துப்போவார்.”

நல்லமுத்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வாய்க்குள்ள எச்சில் இருக்குது. உதடு இருக்குது, நாக்கு இருக்குது. எல்லாம் ஈரம். பல்லு பீங்கானாய் இருந்தால் என்ன, பொன்னாய் இருந்தால் என்ன, கரண்ட் அதாலதான் போகும். இது உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியுங்க டொக்டர்.”

“தெரிஞ்சுகொண்டு ஏன் சொன்னனீங்கள்?”

சுவரில் பல் துலக்கும் முறையை விளக்கிய படம் ஒன்று இருந்தது. நல்லமுத்து அதையே பார்த்தார். “நான் போயி அந்தத் தம்பியப் பாக்குறேங்க” என்றார் கடைசியில். ஹட்டனிலிருந்து நேராகத் தலவாக்கலைக்குப் பஸ் ஏறினோம்.

லோஜன் அந்த ஹார்ட்வெயார் கடையில்தான் இருந்தான். நல்லமுத்துவைக் கண்டதும் கையிலிருந்த வயர்ச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, வாங்கண்ணே!” என்று ஓடி வந்தான். கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள்.

“தம்பி, பல்லு என்னையக் காப்பாத்தல. ட்ரிப்பு விழுந்துச்சு. அவ்வளவுதான். பல்ல நம்பி வயரத் தொடாத.”

லோஜன் சிரித்தான். “தொழில் ரகசியம்னு மறைக்கிறீங்க. வெளங்குதுண்ணே.”

“ரகசியமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“நீங்க மட்டும் போட்டுக்கிட்டு எங்களப் போட வேணாங்குறீங்களே!”

நல்லமுத்து ரேடியோவுக்குப் போடுகிற சதுரப் பற்றரி ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினார். பல்லை நாக்கால் நனைத்தார். பற்றரியின் ஒரு முனையைப் பீங்கானிலும் மற்ற முனையை உதட்டுத் தழும்பிலும் படும்படி வைத்தார். முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வந்தது. எடுக்கவில்லை. கடைக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஒம்பது வோல்ட்டு” என்றார் நல்லமுத்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு. “இதுக்கே இப்புடி. நீயும் வச்சுப் பாரு.”

லோஜன் தன் நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு பற்றரியைத் திருப்பிக் கொடுத்தான். சிரிப்பு போயிருந்தது. நியாயமாகவே அடுத்த கேள்வியைக் கேட்டான். “அப்ப மெயினப் போட்டு வச்சுட்டு எப்புடிண்ணே வயர வாயில வச்சீங்க? நீங்களா?”

கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பல் என்ற பேச்சு இல்லாமற்போனால் மிச்சம் இருந்தது அந்தக் கேள்வி மட்டும்தான்.

“மறந்துட்டேன்” என்றார் நல்லமுத்து.

கண்ணாடிக்குள் தொங்கிய தோல் உரிக்கும் கருவியை எடுக்கச் சொல்லி வாங்கினார். நீலக் கைப்பிடி போட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வருடக் கோயில் திருவிழாவில் அம்மன் கோபுரத்துக்கு விளக்குக் கட்டும் வேலை லோஜனுக்குப் போயிற்று. நல்லமுத்து கலியாணத்துக்கு முன்பிருந்தே செய்துவந்த வேலை அது. கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து மரியாதையாகவே சொன்னார்கள். சனக்கூட்டம் சேருகிற இடம், ஒரு மறதி போதும் என்றார்கள். அவர் தலையாட்டினார். லோஜன் வந்து கேட்டபோது, எந்த மூலையில் ஈரம் இறங்கும், எந்தக் கம்பத்தில் குளவி கூடு கட்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். திருவிழா நாட்களில் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் இருந்து, கெட்டுப்போகாத ஒரு மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினார். லிந்துலைக் குளிரில் அந்த வீட்டில் மின்விசிறி எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திருவிழா முடிந்த வாரத்தில் சண்முகவடிவு வந்தாள். ஒரு பை கரட்டும் லீக்ஸும் கொண்டுவந்திருந்தாள். வீட்டுத் தோட்டத்தில் விளைந்தவை. மீனம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

“அக்கா, கோயில் வேல போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன்” என்றாள். பிறகு நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். “அன்னிக்கு மெயினப் போட்டது நாந்தான்க்கா. அண்ணன் மறக்கல. நாந்தான். சொல்ல வாய் வரல. அப்பறம் அண்ணனே சொன்னதும், அப்புடியே இருந்துட்டேன்.”

மீனம்மா சுளகைக் கீழே வைக்கவில்லை. “எனக்குத் தெரியும் புள்ள” என்றார். “இந்த மனுசன் சோத்த மறப்பாரு. எம் பொறந்த நாள மறப்பாரு. ஒரு தடவ என்னையவே பஸ்ஸ்டாண்டுல மறந்துட்டு வந்தாரு. மெயின மறக்க மாட்டாரு. ஆஸ்பத்திரியில பாத்தப்பவே நெனச்சேன், யாருக்காகவோ சொல்றாருன்னு.”

உள்ளேயிருந்து நல்லமுத்துவின் குரல் வந்தது. “அந்தத் தங்கச்சிக்கு நெனவு தப்பு. நான்தான் போட்டேன்.”

“நீங்க சும்மா இருங்க” என்றார் மீனம்மா.

சண்முகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றதையும் சொன்னாள். அன்றிலிருந்து அவள் எந்தச் சுவிட்சையும் தொட்டதில்லை. அடுப்பங்கரை வயர் அறுந்த கொடி மாதிரி அப்படியே தொங்குகிறது. முன்னறை விளக்கைப் போடப் பக்கத்துக் காம்பராப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். கூப்பிட வெட்கமாக இருக்கும் நாட்களில் குப்பி விளக்கு.

நல்லமுத்து வெளியே வந்தார். கரட் பையை வாங்கி மீனம்மாவிடம் கொடுத்தார். “வேலைய முடிக்காம வுட்டது என் தப்பு. ஞாயித்துக்கெழம வாறேன்” என்றார்.

சண்முகவடிவு என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று மீனம்மா சொல்லியிருப்பார் போலிருக்கிறது. “நீங்க எழுதுங்க சேர். நாந்தான் போட்டேன்னு எழுதுங்க. பேரையும் போடுங்க” என்றாள். லயத்திலும் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். காலையில் பெரட்டுக் களத்தில், எல்லோரும் வேலைக்குப் போகக் கூடி நிற்கும்போது சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன் என்றாள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பழைய கணக்கில் இதையும் சேர்த்துவிட்டார்கள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பகல்தான், ஆனால் மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. காம்பராவுக்குள் ஆள் முகம் தெரியாத இருட்டு. நல்லமுத்து மெயினை இறக்கினார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார். நீலக் கைப்பிடிக் கருவியால் வயரை உரித்தார். அது அவர் கைக்கு இன்னும் பழகவில்லை. இரண்டு தடவை செம்பையும் சேர்த்து வெட்டிவிட்டு, கருவியைத் திட்டினார். வாயைப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. வயரைக் கூரை மரத்தோடு சேர்த்து அடித்து, பல்பு மாட்டினார்.

இதற்குள் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்றுவிட்டார்கள். உள்ளே யாரும் வரவில்லை. முன்பு எச்சரிக்கை செய்த பக்கத்துக் காம்பராக்காரரும் நின்றார். சண்முகவடிவு சுவரோடு ஒட்டி நின்றாள்.

“தங்கச்சி, மெயினப் போடுங்க” என்றார் நல்லமுத்து.

“வேணாண்ணே. நீங்களே போடுங்க.”

“எனக்கு இங்கிட்டு வேல இருக்கு.”

“அண்ணே, எங் கையி…”

வெளியே நின்றவர்களில் யாரோ, “நான் வேணும்னா போடவா பாஸ்?” என்று கேட்டார். நல்லமுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுப்பங்கரை நிலைவாசலில், இஸ்தோப்பில் நின்ற எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், முக்காலியைப் போட்டு ஏறினார். முறிந்து சேர்ந்த இடது கையால், பல்புக்கு இறங்கிய புது வயரை முழுதாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

“புடிச்சிருக்கேன். போடுங்க.”

சண்முகவடிவு அவருடைய கையைப் பார்த்தாள். வெளியே நின்றவர்களைப் பார்த்தாள். சேலை முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவிட்சைத் தூக்கினாள்.

அடுப்பங்கரையில் விளக்கு எரிந்தது.

நல்லமுத்து வயரை விடவில்லை.

“இவங்க சரியாக் கவனிக்கல” என்றார், இஸ்தோப்புப் பக்கம் பார்த்து. “எறக்கிட்டு இன்னொரு தடவ போடுங்க.”